குழை வராத வெள்ளம்

சிமெண்டுக் குழாய்க்குள் என் தலையும் தோளும் போயிருந்தன. மீதி உடம்பு வெளியே வெயிலில் கிடந்தது. நான்கு வருடம் சிவில் இன்ஜினீயரிங் படித்தவளின் கெத்து அவ்வளவுதான்.

உள்ளே செத்த மீனும் ஊறிய வைக்கோலும் சேர்ந்த வாடை. மழை நின்று பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் சேறு ஐஸ் மாதிரி குளிர்ந்தது.

"ஏ தாயி, தலைய வெளிய எடு. உள்ள பாம்பு கீம்பு கெடந்தா உங்க அப்பாட்ட நான் என்ன பதில் சொல்லதுக்கு?"

பீர் அண்ணன். ஜேசிபி ஓட்டுகிறவர், பத்தமடைக்காரர். குழாயை அடைத்துக் கிடந்த முள்ளையும் குப்பையையும் வாரிப்போட வந்திருந்தார். நான் வேலை பார்த்த கம்பெனி என்னை அளவெடுக்க அனுப்பியிருந்தது. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது, குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். ரோடு குழாய்க்குப் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. குழாய்கள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தன.

"ஒரு நிமிசம்ணே. கையில என்னமோ தட்டுது."

இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். ஒரு பனைமட்டை வந்தது. அதோடு ஒரு கொத்து வேப்பங்குழை. இலையெல்லாம் கறுத்துக் குச்சியோடு ஒட்டியிருந்தன. மட்டையையும் குழையையும் பனைநாரால் சேர்த்துக் கட்டியிருந்தது. மூன்று சுற்று, ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு.

பீர் அண்ணன் என்ஜினை நிறுத்தினார்.

"இன்னும் கெடக்கான்னு பாரு." குரல் மாறியிருந்தது.

கிடந்தது. மொத்தம் மூன்று. மூன்றும் ஒரே குழாயின் வாயில்.

அவர் இறங்கிவந்து என் பக்கத்தில் குத்தவைத்தார். "யா அல்லா. அப்போ அந்த மனுசன் சொன்னது நெசம்தானா."

மூன்றையும் கரையில் வரிசையாக வைத்தேன். இந்தத் தொடரை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எந்தக் கதையையும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று.

ஒரு பொத்தை, ஒரு குளம், மூன்று பெயர்

ஊர்ப் பெயரைப் போட மாட்டேன். போட்டால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள். எங்கள் ஊரைக் கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கு மேலே இருப்பது மேலூர். சேரன்மகாதேவியிலிருந்து தெற்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால் முதலில் கீழூர் வரும், பிறகு மேலூர். (அந்த பஸ்ஸைப் பற்றி இரண்டு வாரம் முன்பு எழுதியதற்கு ஒரு கண்டக்டர் அண்ணாச்சி கோபித்துக் கடிதம் போட்டிருக்கிறார். அண்ணாச்சி, படியில் தொங்கிய விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.)

மேலூருக்குத் தெற்கே ஒரு பொத்தை. மலை என்று சொல்ல முடியாது, மொட்டைப் பாறைக் குன்று. அதன் தெற்குச் சரிவில் விழுகிற மழை பச்சையாற்றுப் பக்கம் போய்விடும். வடக்குச் சரிவில் விழுவது எங்களுக்கு. உச்சியில் நின்று ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் பாதி அங்கே போகும், பாதி இங்கே வரும். இரண்டும் கடைசியில் தாமிரபரணியில்தான் சேரும். அதற்குள் வேறு வேறு ஊர்களின் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்திருக்கும்.

வடக்குப் பக்கத் தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கி, அடிவாரத்து ஊற்றோடு சேர்ந்து ஓடையாகிறது. மேலூரில் அதற்கு ஊத்தோடை என்று பெயர். அது மேலூர்க் குளத்தில் விழும். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுவதற்குக் கரையில் ஒரு கல் வாசல் உண்டு, கலிங்கு. அதைத் தாண்டியதும் அதே தண்ணீருக்குக் கள்ளியோடை என்று பெயர். உடைமரக் காட்டுக்குள் வளைந்து, இருபுறமும் செம்மண் மேட்டிலிருந்து வடிகிற மழையை வாங்கிக்கொண்டு, மாடன் கோயில் வரைக்கும் வரும்.

கோயிலைத் தாண்டினால் தெக்கோடை. எங்கள் ஊருக்குத் தெற்கே வருவதால் அந்தப் பெயர். ரோட்டைக் கடந்து, எங்கள் தெருவின் பின்பக்கத்தை உரசி, கால்வாயைத் தாண்டி ஆற்றுக்குப் போகும்.

ஒரே தண்ணீர். மூன்று பெயர். இது எனக்குத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெக்கோடையில் குளித்து வளர்ந்தவள் நான். எந்த இடத்தில் மணல் சுடும், எந்த இடத்தில் அயிரை மீன் காலைக் கடிக்கும் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் மாடன் கோயிலுக்கு மேலே போனதில்லை. பெண்பிள்ளைகள் ஓடை வழியாக அதற்கு மேல் நடக்கக்கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு கட்டு. மேலூர் போக பஸ் இருந்தது. ஓடை வழியாகப் போக யாருக்கும் அவசியம் வரவில்லை.

குழைத் தாக்கல்

மேலூர்க் குளத்தின் மடையையும் கலிங்கையும் பார்த்துக்கொள்பவர் சுடலைமுத்து. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறைவைத்துப் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சி. கலிங்கின் கல் தூண்களுக்கு நடுவே பலகை செருகி மண்ணை அப்பி வைத்தால் குளத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பெருமழையில் அந்தப் பலகைகளை உருவிவிட வேண்டும். இல்லையென்றால் கரையே போய்விடும்.

பலகையை உருவுவதற்கு முன்னால் அவர் எங்கள் ஊருக்கு ஒரு தாக்கல் அனுப்புவார், அதாவது சேதி. பனைமட்டையில் வேப்பங்குழையைக் கட்டி ஓடையில் விடுவார். ஒன்று முள்ளில் சிக்கினாலும் இன்னொன்று வரட்டும் என்று மூன்று விடுவார். குழை எங்கள் ஊர்ப் படித்துறைக்கு மிதந்து வந்தால், மேலே திறந்தாகிவிட்டது என்று அர்த்தம். பார்த்தவர்கள் சத்தம் கொடுப்பார்கள். தெருவே ஆடுமாட்டை அவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போகும்.

போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று காலேஜில் ஒருத்தி கேட்டாள். அவள் ஊரில் அடைமழைக்குக் கரண்ட் போகாது போலிருக்கிறது. எங்களுக்கு மழை இரண்டு நாள் சேர்ந்து அடித்தாலே டவர் படுத்துவிடும். குழைக்கு சார்ஜ் போட வேண்டாம்.

சுடலைமுத்துவின் மகள் இசக்கி. சேரன்மகாதேவிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் காலேஜுக்குப் போனேன், அவள் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கே வந்தாள், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. மாப்பிள்ளைக்கு விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை. அம்மா பேச்சைத் தாண்டாத ஆள். அந்த அம்மா பேச்சியம்மாள், நான் பேச்சி சித்தி என்று கூப்பிடுவேன். நாலு மாடு வைத்துப் பால் ஊற்றி வளர்த்த குடும்பம்.

வெயில்

இனி என் திருவிளையாடல்.

பழைய ரோட்டில் ஓடையைக் கடக்கும் இடத்தில் தரைப்பாலம் இருந்தது. தண்ணீர் வந்தால் மேலே ஏறிப் போகும், அரை நாள் பஸ் நிற்கும், அவ்வளவுதான். அந்த ரோட்டை உயர்த்திப் போட முடிவானபோது, அளவெடுக்கிற வேலையை எடுத்த கம்பெனியில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர்ப் பக்கம், அப்பாவின் ஸ்கூட்டி, கழுத்தில் அடையாள அட்டை. கால் தரையில் நிற்கவில்லை.

ரோடு கடக்கிற ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். ஓடையின் பெயர். தொடங்கும் இடம். எவ்வளவு நிலத்து மழை அதில் வந்து சேரும். அதை வைத்துத்தான் பாலம் வேண்டுமா குழாய் போதுமா என்று முடிவு செய்வார்கள்.

மேலூரில் ஆடு மேய்த்தவரிடம் கேட்டேன். "இது ஊத்தோடைம்மா. குளத்துல போய் முடிஞ்சிரும்." உடைமரக் காட்டில் விறகு வெட்டியவரிடம் கேட்டேன். "கள்ளியோடையா? அது மாடன் கோயில் வரைக்கும்தான்." எங்கள் ஊர்க் கடையில் கேட்டேன். "தெக்கோடை மாடன் கோயில்ட்ட இருந்துலா வருது. உனக்குத் தெரியாதா வாத்தியார் மவளே?"

எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். ஓடையின் பெயரைச் சொல்லி அது எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன், அந்தப் பெயர் தொடங்கும் இடத்தைச் சொன்னார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை.

மூன்று ஓடை என்று மூன்று தாள் நிரப்பினேன். ரோட்டைக் கடப்பது தெக்கோடை மட்டும்தான், ஆகவே அந்த ஒரு தாள்தான் மேலே போனது. தொடங்கும் இடம், மாடன் கோயில். கம்ப்யூட்டர் படத்தில் கோயிலிலிருந்து ஒரு கோடு கிழித்தேன். பொத்தையும் குளமும் செம்மண் மேடும் கோட்டுக்கு வெளியே நின்றன.

கோயிலுக்கு மேலே நடந்து பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். மாடன் தடுத்தார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மாடன் தடுக்கவில்லை. அன்றைக்குச் சரியான வெயில். ஸ்கூட்டி அதற்கு மேல் போகாது. பத்தமடையில் பிரியாணி தீர்ந்துவிடும் என்று அவசரம்.

என் தாளை மேலே யாரும் சரிபார்க்கவில்லை. இரண்டு குழாய் போதும் என்று முடிவானது.

செவலை

ரோடு போட்ட அடுத்த மழைக்காலம். கார்த்திகை கடைசி என்று ஞாபகம். இரண்டு நாள் விடாமல் கொட்டியது. முதல் நாள் சாயங்காலமே கரண்டும் டவரும் போய்விட்டன.

மறுநாள் காலையில் எங்கள் தெருவில் எல்லோரும் கொல்லைப்பக்கம் போய் ஓடையைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். தண்ணீர் கம்மியாகத்தான் போனது. குழையும் வரவில்லை. "மேல இன்னும் தொறக்கல போல" என்றார் அப்பா. சட்டியில் கடுங்காப்பி கொதித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் கம்மியாகப் போனதற்குக் காரணம், அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. குழாய் வாயை முள் அடைத்துவிட்டது. உயர்த்திய ரோடு ஒரு குளக்கரை ஆகிவிட்டது. மடை இல்லாத, கலிங்கு இல்லாத, காவல் இல்லாத ஒரு குளம் எங்கள் தலைமாட்டில் நிறைந்துகொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரோடு உடைந்தது.

சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை. அடுப்படிக்குள் சிவப்பாகத் தண்ணீர் நுழைந்ததும், காப்பிச் சட்டி மிதந்து வாசல் பக்கம் போனதும் ஞாபகம் இருக்கிறது. மனிதர்கள் எல்லோரும் மாடியிலும் மேட்டிலும் ஏறிவிட்டோம். கட்டிக் கிடந்தவை ஏற முடியாது.

பேச்சி சித்தியின் நாலு மாட்டில் மூன்று தொழுவத்திலேயே போயின. செவலைப் பசு கழுத்துக் கயிறு முறுக்கி, கட்டுத்தறியை ஒட்டி நின்ற மாதிரியே செத்திருந்தது. மிஞ்சிய நாலாவது, செவலையின் கன்று. அதைக் கட்டவில்லை, வைக்கோற்போர் மேல் ஏறி நின்றிருந்தது.

சித்தி அழவில்லை. செத்த மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். ஊறி இறுகியிருந்தது. அரிவாளைக் கொடுத்தார்கள், வாங்கவில்லை. விரலாலேயே அவிழ்த்தாள். ரொம்ப நேரம் ஆனது.

தண்ணீர் வடிந்ததும் பேச்சு ஆரம்பித்தது. மேலூர்க்காரன் தன் ஊரைக் காப்பாற்ற நம்மைக் கொன்றுவிட்டான். குழை விடாமலே பலகையை உருவிவிட்டான். ஆள் போய்க் கேட்டபோது சுடலைமுத்து மறைக்கவில்லை. "ஆமா, காலையில நான்தான் உருவுனேன். குழை விட்டுட்டுத்தான் உருவுனேன். மூணு விட்டேன்." பலகை உருவியதை ஒத்துக்கொண்டானா, அது போதும். குழை விட்டதை யார் பார்த்தார்?

இசக்கிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம், அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்புப் போட்டுக் கூட்டிப்போக நாள் குறித்திருந்தது. அந்த நாளில் அவள் அப்பா பழத்தாம்பாளத்தோடு எங்கள் தெரு முனையில் வந்து நின்றார். பேச்சி சித்தி அங்கேயே மறித்தாள்.

"மதினி, புள்ளைய அனுப்பி வைங்க."

"எம் மாட்டக் கொன்ன வீட்டுல எம் பேரப்புள்ள பொறக்கவா? அங்கனயே நில்லும்வே. இதுக்கு மேல ஒரு அடி வைக்கப்புடாது."

"நான் குழை விட்டேன் மதினி."

"எங்க வந்துச்சு? காட்டும். காட்டிட்டுக் கூட்டிட்டுப் போம்."

அவர் தாம்பாளத்தோடு திரும்பிப் போனார். இசக்கி ஈரச் சுவரில் சாய்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சுவர் பாதி இடிந்து, மேலே தார்ப்பாய். என்னைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எங்க அப்பா பொய் சொல்ல மாட்டாருளா. ஆனா நானும் கொல்லையிலதான நின்னேன், குழை வரலையே. யார நம்பச் சொல்லுதே?"

அதற்கு மறுநாள்தான் கம்பெனி என்னை அளவெடுக்க அனுப்பியது.

டிக்கியில் இரண்டு நாள்

மூன்று குழையையும் சாக்கில் சுற்றி ஸ்கூட்டி டிக்கியில் வைத்தேன். "நேரா அந்த வீட்டுக்குக் கொண்டுபோ தாயி" என்றார் பீர் அண்ணன்.

"போறேன்ணே."

போகவில்லை. இரண்டு நாள் போகவில்லை.

குழாயின் வாயை அளந்த டேப் என் கையில்தான் இருந்தது. ரோட்டுக்கு மேற்பக்கம் மோட்டார் ரூம் சுவரில் வண்டல் கோடு என் தலைக்கு மேலே நின்றது. அன்று சாயங்காலம் முதல் தடவையாகப் படத்தைச் சரியாகத் திறந்து, தண்ணீர் வருகிற வழியைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு போனேன். கோயில், காடு, கலிங்கு, குளம், பொத்தை. கோடு எங்கும் அறுபடவே இல்லை. ஒரே ஓடை. என் பழைய கோட்டுக்குள் இருந்தது அதன் வால்நுனி.

மறுநாள் கம்பெனியின் புராஜெக்ட் சார் போன் செய்தார்.

"வடிவு, ரிப்போர்ட்ல மேலூர் குளத்துல இருந்து திடீர்னு தண்ணி தெறந்து விட்டதால டேமேஜ்னு ஒரு லைன் போட்டுரும்மா. ஊர்க்காரங்களே அதத்தான சொல்றாங்க."

"சார், குழாய் சின்னது."

"குழாய் சைஸ் யாரோட டேட்டாவ வச்சுப் போட்டது?" கொஞ்சம் நிறுத்தினார். அதட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கையெழுத்து உன்னோடது."

யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன். குழையை மட்டும் கொடுத்துவிட்டால் சுடலைமுத்து மேல் பழி போய்விடும், இசக்கி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். தாளைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. குழாய் அடைத்துக்கொண்டது, கடவுள் செயல். இப்படித் திட்டம் போட்டுக்கொண்டுதான் மூன்றாம் நாள் காலையில் சாக்கோடு போனேன். மறைத்து எழுதினால் இந்தத் தொடர் எதற்கு.

பேச்சி சித்தியின் கேள்விகள்

"வாத்தியார் மவளா. வா. உக்காரதுக்குத்தான் எடமில்ல, எல்லாம் ஈரமாக் கெடக்கு."

சாக்கை விரித்தேன். சித்தி குனிந்து பார்த்தாள். இசக்கி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கன கெடந்துச்சு?"

"ரோட்டுக் குழாய்க்குள்ள சித்தி. பீர் அண்ணனும் பார்த்தாரு."

"மூணுமா?"

"மூணும்."

ஒன்றைக் கையில் எடுத்தாள். கறுத்த இலையைத் தள்ளிவிட்டு நாரைப் பார்த்தாள். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினாள். "தலைப்பொங்கலுக்குச் சீர்ப்படி கொண்டாந்தப்ப இசக்கி அப்பா கரும்ப இப்படித்தான் கட்டியிருந்தாரு. நான் அவுக்க மாட்டாம வெட்டுனேன்."

இசக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு மூச்சு வந்தது. கிளம்பலாம் என்று ஸ்கூட்டி சாவியைக் கையில் எடுத்தேன்.

"இந்தா, நில்லு. ஒரு மட்ட போகாத அளவுக்கு ஒடுக்கமாவா குழாய் வைப்பாவ? வைக்கச் சொன்னவன் எவம்ட்டி?"

கம்பெனிக்காரங்க என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. இசக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பொய்யெல்லாம் பார்த்தவள்.

"நான் எழுதிக் கொடுத்தத வச்சுத்தான் சித்தி போட்டாங்க."

"நீயா?"

"ஓடை மாடன் கோயில்ல இருந்துதான் வருதுன்னு எழுதினேன். மேல குளம் இருக்குன்னு எழுதல. அதனால தண்ணி கொஞ்சம்தான் வரும்னு குழாய் வச்சுட்டாங்க."

சித்தி கையில் இருந்த குழையைக் கீழே வைக்கவில்லை.

"குழை எங்கன இருந்து வரும்?"

"மேலூர்ல இருந்து."

"அது உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"சின்னப்புள்ளையில குழை வந்துட்டு, குழை வந்துட்டுன்னு தெருவுக்கே நீதான கத்திக்கிட்டு ஓடுவ."

"ஆமா சித்தி."

"குழை வாற வழியிலதானட்டி தண்ணியும் வரும்?"

எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தது ஒரு பக்கம் கிடந்தது, தாளில் எழுதியது இன்னொரு பக்கம் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான்கு வருடப் படிப்பில் எனக்கு ஒரு நிமிடம் கூடத் தோன்றவில்லை.

சித்தி தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே காலித் தறிகள். பிறகு வாசலுக்குப் போய், தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று மூன்று குழையையும் வாசல் கம்பியில் மாட்டினாள்.

"இசக்கி, உங்க அப்பனுக்குப் போன் போடு. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு. தெரு முனையில நிக்க வேண்டாம், வீட்டுக்குள்ள வரச் சொல்லு."

என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"நீ இனிமே இந்த வாசல்ல ஏறாத."

கோயிலுக்கு மேலே

அன்று சாயங்காலம் ஓடை வழியாக நடந்தேன். உடைந்த ரோட்டிலிருந்து மாடன் கோயில். மாடன் கையில் கம்போடு நின்றார், தாண்டிப் போனேன். அதற்கு மேலே வெள்ளம் உடைமர வேர்களைக் கழுவி வெளியே போட்டிருந்தது. கிளைகளில் என் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கோல் தொங்கியது. தண்ணீர் எந்த உயரத்தில் வந்தது என்று மரங்களே எழுதி வைத்திருந்தன. அரை மணி நேரத்தில் கலிங்கு வந்துவிட்டது.

சுடலைமுத்து கலிங்குத் தூண்களுக்கு நடுவே பலகை செருகிக்கொண்டிருந்தார். மகளைக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு நேராக வேலைக்கு வந்திருந்தார். வீட்டில் என்ன நடந்தது என்று இசக்கி சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் வாயால் மறுபடி சொன்னேன். மண்ணைக் குழைத்து அப்பிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஒறக்கமே இல்லம்மா" என்றார். "மூணு விட்டேன். நாலாவதா ஒண்ணு கட்டியிருந்தா அது போய்ச் சேந்திருக்குமோ, மட்ட பச்சையா இருந்து முங்கிட்டோ, கட்டு அவுந்துட்டோன்னு தெனமும் நெனச்சிக்கிட்டே கெடந்தேன்."

ஊரே அவர்மேல் பழி போட்டபோது அவரும் சேர்ந்து தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். அத்தனை நாளும் நான் என் கையெழுத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டில் சார் சொன்ன வரியைப் போடவில்லை. புதிதாக ஒரு தாள் எடுத்தேன். ஓடையின் பெயர் என்ற கட்டத்தில் மூன்று பெயரையும் எழுதினேன். அடங்கவில்லை, ஓரத்தில் மடக்கி எழுதினேன். தொடங்கும் இடம், பொத்தையின் வடக்குச் சரிவு. பழைய தாள் தவறு, எழுதியது நான் என்று கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்தத் தாள் எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. பாலம் இன்னும் வரவில்லை. உடைந்த இடத்தில் சரளைக் கல் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்தால் மேலே ஏறிப் போகும்.

இசக்கிக்குப் பெண் குழந்தை. அம்மா வீட்டில் பிறந்தது. பேச்சி சித்தி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெருக்குழாயில் நான் நின்றால் அவள் குடத்தோடு திரும்பிவிடுவாள்.

இந்த ஐப்பசியில் முதல் பெருமழை. காலையிலேயே டவர் போய்விட்டது. நான் படித்துறையில் போய் நின்றேன். வேலைவெட்டி இல்லாதவள்தானே, நிற்பதற்கு என்ன. தண்ணீர் செம்மண் நிறத்தில் சரளையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பச்சை, சுழன்று சுழன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது. பின்னால், சற்றுத் தள்ளி, நாலாவதும்.

கத்தினேன். சின்னப்பிள்ளையில் கத்திய அதே கத்தல். தெரு கதவுகளைத் திறந்தது.

பேச்சி சித்தி தொழுவத்திலிருந்து செவலையின் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். கன்று இப்போது கிடேரி ஆகிவிட்டது, அம்மா மாதிரியே நிறம். பின்னால் இரண்டு ஆடு கத்திக்கொண்டு நின்றன, அவற்றையும் அவிழ்க்க வேண்டும். என் பக்கத்தில் வந்ததும் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஈரக் கயிற்றை என் கையில் திணித்தாள்.

"பிடி. பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கொண்டுபோ. பைய போ, இழுக்காத."